ஐடா ஸ்கடர் அம்மையார்

சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள வளையமாதேவி போன்ற ஊர்களில் வாழும் மாணவர்கள், நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையத்திற்குச் செல்லும் காட்சியைக் கண்டிருத்தல் கூடும். மண்ணை அகழும் பெரும்பொறி ஒரு புறம். கரியை எரிக்கும் உலை மற்றொரு புறம். இவற்றிடையே உருளைகளின்மேல் நெடிய இரப்பர்ப் பட்டை இடையறாது ஓடிக்கொண்டிருக்கும். அப்பட்டை ஓரிடத்தில் அறுந்து நின்றால், சுரங்கத்தில் கரி மலைபோற் குவிந்து கிடப்பினும் உலை அவிந்துபோகும்.

மருத்துவமும் இத்தகையதே. மருந்து செய்யுமிடம், அதைக் காக்கும் பண்டகசாலை, கலந்து கொடுப்பவர், நோயறியும் மருத்துவர், அவர் வரும் சாலை, நோயாளியின் கை என்று அதற்கும் ஒரு தொடர் உண்டு. அத்தொடரில் ஒரு கண்ணி இல்லையாயின், ஏனைய கண்ணிகள் எத்துணை வலியனவாயினும் நோயாளிக்கு அவற்றால் பயனில்லை. இவ்வுண்மையை இளமையில் ஓர் இரவில் கண்டு, பின்னர்த் தம் வாழ்நாள் முழுவதையும் அத்தொடரை இணைப்பதிலேயே செலவிட்டவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்க நாட்டு மருத்துவர். அவர் 1819ஆம் ஆண்டில் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் சமயப் பணியோடு மருத்துவப் பணியும் புரிந்தார். அவருடைய மைந்தர்களும் அவ்வழியே நின்றனர். அவர்களுள் ஒருவரும் ஜான் என்னும் தந்தையின் பெயரையே தாங்கியவருமான மருத்துவரின் ஒரே மகளாக, 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். உடன்பிறந்தோர் அனைவரும் ஆண்மக்கள்.

ஐடாவுக்கு ஆறு வயது நடந்தபொழுது தாது வருடப் பஞ்சம் தமிழகத்தைச் சூறையாடியது. 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மடிந்தோர் இலட்சக்கணக்கானோர். பட்டினியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளை வழங்கும் பணி சிறுமி ஐடாவிடம் ஒப்புவிக்கப்பட்டது. துண்டைக் கையில் வாங்கி வாயில் இடவும் வலுவற்றிருந்த குழந்தைகளுக்கு அவரே ஊட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதே காலத்தில் சென்னைக் கடற்கரையில் கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட தானிய மூட்டைகள் உயர உயர அடுக்கப்பட்டிருந்தன. மூட்டைக்கும் பசித்த வயிற்றுக்கும் இடையே தொலைவும் விலையும் நின்றன. சிறுமி இவற்றையெல்லாம் அறிந்திருக்க இயலாது. ஆயினும் அக்குழந்தைகளின் முகம் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

பின்னர் அமெரிக்கா சென்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த பள்ளியில் பயின்றார். இந்தியாவில் பணிபுரியும் விருப்பம் அவருக்குச் சிறிதும் இல்லை என்பதை இங்கே மறைக்க வேண்டுவதில்லை. வெம்மையும் வறுமையும் நோயும் நிறைந்த நாட்டிற்குத் திரும்புவதில்லை என்றே அவர் உறுதி கொண்டிருந்தார். 1890ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தமையால், அவரைப் பேணும்பொருட்டுச் சிலகாலம் தங்கிச் செல்லும் எண்ணத்துடனேயே திண்டிவனத்திற்கு வந்தார். திண்டிவனமும் வளையமாதேவியும் அக்காலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியவை.

அங்கே ஓர் இரவு நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காணுதல் வேண்டும்.

ஐடா விளக்கொளியில் தனித்து அமர்ந்திருந்தார். அந்தணர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். தம் இளம் மனைவி மகப்பேற்றில் துன்புறுவதாகவும், ஊர் மருத்துவச்சி கைவிட்டுவிட்டதாகவும், ஐடா வந்து காத்தல் வேண்டும் என்றும் வேண்டினார். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும், அவரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைக் காண்பதைவிட அவள் இறந்துபடுதலே மேல் என்று சொல்லி அவர் திரும்பிப் போனார். சிறிது பொழுது கழிந்தது. இசுலாமியர் ஒருவர் வந்தார், அதே துன்பம், அதே வேண்டுகோள். தந்தையுடன் தாமும் வந்து அவர் சொற்படி உதவுவதாக ஐடா கூறியும் அவர் இசைந்திலர். மூன்றாவதாக வேறொரு குலத்து இந்து ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே வந்து அவ்வாறே சென்றார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடியற்காலையில் சாப்பறை ஒலித்தது. ஏவலாளை அனுப்பி வினவியதில், அம்மூன்று பெண்டிரும் இறந்தனர் என்று அறிந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பலரும் அம்மூவரின் கணவரையே பழிப்பர். பழக்கத்தின் கொடுமை பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் வேறொன்றையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவர் அதே ஊரில், கூப்பிடு தொலைவில் இருந்தார். மருந்தும் கருவிகளும் அவரிடம் இருந்தன. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கோஷா மகளிருக்கென்றே சென்னையில் 1885இல் ஒரு மருத்துவமனையும் தோன்றியிருந்தது. ஆகவே பெண் மருத்துவர் என்போர் இந்நாட்டில் அறவே இல்லாதவர் அல்லர். திண்டிவனத்தில் அன்றிரவு இல்லை, அவ்வளவே. எல்லாக் கண்ணிகளும் இருந்து ஒரு கண்ணி இல்லாமையால் மூன்று உயிர்கள் போயின.

இல்லாத அக்கண்ணி தாமே ஆவதென ஐடா முடிவு செய்து, பெற்றோரிடம் தெரிவித்தார். மீண்டும் அமெரிக்கா சென்று பிலடெல்பியாவில் மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களையும் ஏற்கத் தொடங்கியபொழுது அங்கே மாறி, 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். புறப்படுமுன் மருத்துவமனை கட்டுவதற்கு நிதி தேடினார். ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையின்கீழ்ச் சில ஆண்டுகள் பயிலலாம் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார். கையில் பட்டம் உண்டு; கட்டடம் இல்லை; செவிலியர் இல்லை; மருந்து கலப்போர் இல்லை. வீட்டின் சிறிய அறை ஒன்றே மருத்துவசாலை ஆயிற்று. முதலில் மக்கள் தயங்கினர். ஐடாவுக்குத் துணையாக நின்றவர் அவ்வீட்டைச் சேர்ந்த சலோமி என்னும் பெண். எழுத்தறிவாற் பெற்ற மருத்துவக் கல்வி அவருக்கில்லை. புண்ணைக் கழுவவும், கட்டுக் கட்டவும், கருவிகளைக் கொதிநீரிலிட்டு எடுக்கவும் ஐடாவே அவருக்குக் கற்பித்தார். இரண்டே ஆண்டுகளில் அச்சிற்றறையில் மருத்துவம் பெற்றோர் 5,000 பேர் ஆயினர். 1902ஆம் ஆண்டில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது.

மருத்துவமனை எழுந்தது, நோயாளிகள் நிறைந்தனர். இவ்வளவில் மனநிறைவு கொள்வது எவர்க்கும் இயல்பு. ஐடாவோ மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கண்டு வராதவர்களை எண்ணினார். நாட்பட்ட நோயோடு, முற்றிய புண்ணோடு, கண்ணொளி முழுதும் போன பின் வருவோரே பலர். முன்னரே ஏன் வரவில்லை என்று கேட்டால் விடை ஒன்றுதான்: ஊர் தொலைவு, வண்டிக்குப் பணம் இல்லை, ஒரு நாட் கூலி போய்விடும். திண்டிவனத்தில் கண்ட குறை ஒன்று. வேலூரில் கண்ட குறை வேறொன்று. இங்கே பெண் மருத்துவர் இருக்கிறார். சாலைதான் இடையே கிடக்கிறது.

நோயாளி மருத்துவமனைக்கு வர இயலாவிடின், மருத்துவமனை சாலைவழியே அவரிடம் செல்லட்டும் என்று அவர் துணிந்தார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே இப்பணி தொடங்கிற்று. வேலூரிலிருந்து 20 மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள குடியாத்தத்திற்கு வாரந்தோறும் ஒரு நாள் மருந்துப் பெட்டிகளுடன் அவர் செல்வார். இடையிடையே மரநிழலில் வண்டி நிற்கும். அங்கே நோயாளிகள் காத்திருப்பர். வண்டியிலிருந்து பெட்டிகள் இறங்கும், புண் கழுவப்படும், கண்ணுக்கு மருந்து இடப்படும், பல் பிடுங்கப்படும், வீட்டிற்கு எடுத்துச் செல்ல மருந்து கொடுக்கப்படும். கடுமையான நோயுடையார் வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவர்.

முதலில் மாட்டுவண்டியே ஊர்தி. பின்னர் நண்பர் உதவியால் பியூஜோ என்னும் பிரெஞ்சு மோட்டார் வண்டி ஒன்று கடல் கடந்து வந்தது. ஒற்றை உருளைப் பொறி பூட்டிய அவ்வண்டி எழுப்பிய ஓசையும் புகையும் கொஞ்சமல்ல. வழியிற் கண்டோர் பேயென்று அஞ்சி ஓடினர். மாடுகள் மிரண்டு வயலில் இறங்கின. வண்டி இடைவழியில் பழுதுபட்டு நிற்பதும் உண்டு. ஆயினும் சில திங்களில் அதன் ஓசையே ஊராரை மரநிழலுக்கு அழைக்கும் மணியோசை ஆயிற்று.

ஐடாவின் புகழைப் பாடுவோர் திண்டிவனத்து இரவையே மீண்டும் மீண்டும் சொல்வர். அவ்விரவு உள்ளத்தை உருக்குவது. அதனால் எளிதில் நினைவில் நிற்பது. என் எண்ணத்தில், அந்த வாராந்தரப் பயணமே அதனினும் பெரிய செயல். உள்ளம் உருகி ஒருநாள் உதவுவோர் உலகில் பலர். குறித்த நாளில், குறித்த சாலையில், குறித்த மரத்தடியில், வெயிலாயினும் மழையாயினும் ஆண்டுக்கணக்காய்ச் சென்று நிற்றல் அரிது. வருவார் என்று தெரிந்தால்தான் புண்ணுடையவர் நான்கு மைல் நடந்து வந்து காத்திருப்பார். இருமுறை வாராது போயின் மூன்றாம் முறை அம்மரத்தடியில் எவரும் இரார். பெட்டியில் ஏற்றுவதற்கும் கணக்கு வேண்டும். சென்ற கிழமை எத்தனை பேர், எந்நோய், எம்மருந்து எவ்வளவு தீர்ந்தது என்று அறியாமல் புறப்பட்டால், ஒன்று மிகும், மற்றொன்று இடைவழியில் தீரும். தீர்ந்த மருந்தை வாங்க அச்சாலையில் கடை ஏது?

அக்காலத்து அரசினரும் மருந்தை மக்களிடம் சேர்க்கும் ஒரு வழியைக் கையாண்டனர். மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவை நீலகிரியில் நடுவட்டம் என்னுமிடத்திலிருந்த அரசினர் ஆலை செய்து வந்தது. சிற்றூர்களில் மருத்துவமனை இல்லை; ஆனால் அஞ்சல் நிலையம் உண்டு. ஆகவே ஒரு வேளைக்குரிய கொயினாவைச் சிறு பொட்டலமாகக் கட்டிக் காலணா விலைக்கு அஞ்சல் நிலையங்களில் விற்றனர். 1892இல் வங்கத்தில் தோன்றிய இம்முறை பின்னர்ச் சென்னை மாகாணத்திலும் பரவியது. கடிதம் செல்லும் வழியே மருந்தும் செல்லட்டும் என்ற இவ்வேற்பாடு நல்லதோர் ஏற்பாடே. ஆனால் பொட்டலம் நோயறியாது, புண்ணைக் கழுவாது, மகப்பேற்றுக்குத் துணை நில்லாது. அவற்றிற்கு மனிதர் வேண்டும்.

அம்மனிதரை எங்கிருந்து பெறுவது? ஐடா ஒருவர், ஊர்களோ ஆயிரம். 1909ஆம் ஆண்டில் வேலூரில் செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டது. அதுவும் போதவில்லை. கடல் கடந்து வரும் மருத்துவரை நம்பியிருத்தல், எங்கோ பெய்யும் மழையை நம்பி ஏரி வெட்டுதலை ஒக்கும் என்பதை அவர் உணர்ந்தார். இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்கும் பள்ளி ஒன்று நிறுவ எண்ணி அரசினரின் இசைவை நாடினார். சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி இசைவளித்தாராயினும், மூவர் சேர்ந்தாலே அது நற்பேறு என்று ஐயுற்றார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பள்ளி திறக்கப்பட்டது. விண்ணப்பங்கள் மூன்றல்ல, இடத்திற்கு மேற்பட்டு வந்தமையால் பலரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது.

கட்டடம் வாடகை, கருவிகள் சில, ஆசிரியர் பெரும்பாலும் ஐடாவே. அவ்வாண்டுத் தேர்வுக்கு மாணவியர் 14 பேர் சென்றனர். மாகாணத்து ஆடவர் பள்ளிகளிலிருந்து எழுதியோரிற் பலர் தவறிய அத்தேர்வில் அப்பதினால்வரும் தேறினர். 1922ஆம் ஆண்டில் முதல் அணியினர் பயிற்சி முடித்து வெளியேறினர். அம்மரநிழல்களில் ஐடாவுடன் நின்று மருந்து கொடுத்துப் பழகியவர்கள் ஆதலின், பட்டணத்தை விட்டுச் செல்ல அவர்கள் அஞ்சவில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து செல்லத்தக்க பெண் ஒருவர் இனிப் பல ஊர்களில் இருப்பார்.

இருபது ஆண்டுகள் சென்றன. அதன்பின் வந்த இடையூறு நோயினாலன்று, சட்டத்தினால் வந்தது. நான்காண்டுப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் மட்டும் பெறும் மருத்துவர் இனி வேண்டா, பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரே வேண்டும் என்று சென்னை அரசினர் 1930களின் பிற்பகுதியில் முடிவு செய்தனர். மருத்துவத்தின் தரம் உயர்தல் நன்றே. ஆனால் பட்டப்படிப்புக்கு வேண்டிய படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், பேராசிரியர்கள் ஆகியவற்றுக்கு வேலூரில் பணமில்லை. பள்ளி மூடப்படும் நிலை எய்திற்று. எழுபது வயதை எட்டிய ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று, ஊர் ஊராய்ச் சுற்றி நிதி திரட்டினார். ஆடவரையும் சேர்த்துக் கற்பித்தால்தான் கல்லூரி நிலைக்கும் என்ற நிலை வந்தது. பெண்களுக்கென்று பொருள் கொடுத்த பழைய நண்பர் சிலர் இதனை வன்மையாக எதிர்த்தனர். ஐடாவுக்கும் அது எளிய முடிவன்று; தாம் தொடங்கியதன் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. வடிவத்தைவிட வேலையே பெரிதென்று தேர்ந்தார். 1942இல் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. 1947இல் ஆடவரும் சேர்க்கப்பெற்றனர்.

ஐடா தம் பணியிற் கண்ட குறைகள் அனைத்தும் அவர் காலத்தோடு தீர்ந்துவிடவில்லை. மருத்துவர் பெருகினர், மருத்துவமனைகள் பெருகின, ஆயினும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஓரிடத்தில் மருந்து இல்லாமல் நோயாளி திரும்புவதும், மற்றோரிடத்தில் அதே மருந்து காலங்கடந்து வீணாவதும் நெடுங்காலம் நிகழ்ந்தன. இதனைச் சீர்செய்ய 1994ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் வேண்டிய மருந்துகளை அக்கழகம் ஒருங்கே விலை பேசி வாங்குகிறது. மாதிரிகளை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பித் தரம் அறிகிறது. மாவட்டங்களில் அமைந்த கிடங்குகளில் சேமிக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் உண்டு. அதில் ஒதுக்கப்பட்ட தொகைக்குள், தன் ஊர் நோய்க்கு ஏற்றதை அம்மருத்துவமனையே கேட்டுப் பெறலாம். மேலிருந்து தள்ளப்பட்டதை ஏற்பதற்குப் பதிலாகக் கீழிருந்து தேவையைச் சொல்லும் முறை இது. பிற மாநிலங்களும் இதனைப் பின்பற்றின. குடியாத்தச் சாலையில் மருந்துப் பெட்டி ஏற்றுவதற்கு வேண்டியிருந்த கணக்கும் இந்தப் புத்தகக் கணக்கும் அளவில் வேறு, தன்மையில் ஒன்றே.

ஐடா 1946ஆம் ஆண்டில் பொறுப்புகளினின்று ஓய்வு பெற்றார். கொடைக்கானலில் தம் இல்லத்தில் வாழ்ந்தாராயினும், வேலூரை மறந்திலர். அடிக்கடி வந்து மாணவரோடு அளவளாவினார். மணம் புரிந்துகொள்ளாத அவருக்கு அங்குப் பயின்றோரே மக்கள். ஊர்ப் பெயரின்றி, மருத்துவர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் ஒன்று தவறாது வேலூருக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வதுண்டு.

சிற்றறையில் ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை நூற்றுக்கணக்கான படுக்கைகளோடு விரிந்ததையும், பாகாயத்தில் கல்லூரி நிலைபெற்றதையும், தாம் பயிற்றிய பெண்கள் பிறரைப் பயிற்றுவதையும் அவர் கண்ணாரக் கண்டார். 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், எண்பத்தொன்பதாம் வயதில், கொடைக்கானலில் காலமானார். செய்தி வேலூரை எட்டியதும் கடைகள் அடைக்கப்பட்டன. தெருக்களில் மக்கள் திரண்டு நின்றனர்.